பலகாரம் சுட்ட கை

லண்டனில், மோர்டனிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மச்சாள்மார் இருவர் இருந்தார்கள். இளையவரின் வலக்கையில் முழங்கை வரை ஓர் இறுக்கமான உறை. அது வெள்ளைக்காரரின் தோல் நிறத்தில் இருந்தது.

"அப்ப உங்கட மகளின்ர கலியாணத்துக்கு இந்தக் கை வரக்கூடாது," என்றார் அவர்.

"அப்பிடி ஆர் சொன்னது?" என்றார் மூத்தவர். "மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கத்தான் வேற ஆளைக் கேட்டிருக்கு. உறை வீடியோவில விழுமெல்லே."

"உறையைக் கழட்டிப்போட்டு எடுக்கிறன், மச்சாள்."

"கழட்டினாத் தழும்பு தடிக்குமெண்டு நேர்ஸ் சொன்னவவெல்லே?"

"கொஞ்ச நேரம்தானே. ஒண்டும் ஆகாது."

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"கழட்டினா இன்னும் வடிவில்லை, சுமதி."

"அவளின்ர கலியாணப் பதிவெழுத்துக்குப் பலகாரம் சுடேக்கதான் கொதிச்ச எண்ணெய் கொட்டுண்டது. மருந்து கட்ட நீங்கள்தானே கூட்டிக்கொண்டு போனனீங்கள்."

"ஓம். மறக்கேல்லை."

"அப்ப இந்தமுறை பலகாரத்துக்கும் வேற ஆள் பிடிச்சாச்சோ?"

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு உம்மைத்தான் நம்பியிருக்கிறம்," என்றார், திரும்பாமலே.