கம்ப்யூட்டருக்குள் ஓர் இடது கை

வேலை தேடிச் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஜித்ராவுக்குப் பஸ்ஸில் போனேன். முன் இருக்கையில் ஓர் அக்காளும் தம்பியும் இருந்தார்கள். அவன் மடியில் இசைக் கீபோர்டு, காலடியில் கம்ப்யூட்டர். அவள் இடது கையில் இரண்டு விரல்தான். மற்றவை பலகை ஆலையில் போய்விட்டதாக அவர்கள் பேச்சில் தெரிந்தது.

"உன் இடது கையைக் கம்ப்யூட்டருக்குள்ள எழுதி வச்சிட்டேன்க்கா. நீ வலது கையால வாசி லா. என் புரோகிராம் அதைப் பார்த்து, மிடி வயர் வழியா சேதி அனுப்பி, இடது கை வாசிக்கிற கீழ்ச்சுரத்தை பேஸ் பெட்டிய வாசிக்க வைக்கும்."

"போன ஞாயித்துக்கிழமையும் இதான் சொன்ன. கோயில்ல நன்மை அப்பம் வாங்குற நேரம் டிரம் பெட்டிய வாசிக்க வச்ச. சனமெல்லாம் தாளம் போட்டுக்கிட்டே வரிசையில போச்சு."

"புரோகிராம்ல பெட்டி நம்பர் மாறிப்போச்சு. திருத்திட்டேன்க்கா."

"ஃபாதர் மூஞ்சியப் பார்த்தியா? இன்னிக்கு ஜித்ரா பூசைக்கு வேற ஆளப் பாரு. நான் வாசிக்க மாட்டேன்."

"வேற ஆளுக்கா இதை எழுதினேன்? எனக்கு ரெண்டு கையும் இருக்கு, வாசிக்கத்தான் தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். குரூன் ஊரைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை அவன் மடியிலிருந்த கீபோர்டின்மேல் வைத்தாள்.

"டேய், டிரம்ம அடியோட எடுத்துடாத. கடைசிப் பாட்டுக்கு வச்சிரு."