ஊசித் துளைகள்

— சகதியைத் தோண்டி என்னத்தைத் தேடுறீங்க? அம்மாவே போயாச்சு. இனி நீங்க செஞ்ச அந்த எச்சரிக்கைப் பெட்டி கிடைச்சா என்ன, கிடைக்காட்டி என்ன?

— அது ஏன் கத்தலன்னு எனக்குத் தெரியணும்.

— ஏன்னா அது பிளாஸ்டிக் வாளி. ஒரு மலிவு சென்சாரு, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற குழாய். இதை நம்பித்தான அம்மாவைக் கீழ் வீட்டுலயே இருங்கன்னு சொன்னீங்க?

— சொன்னேன். மலை சரியறதுக்கு முன்னாடி நம்ம காதுக்கு எட்டாத முழக்கம் ஒண்ணு வரும். அதை இது பிடிச்சிரும். போன மழையில சின்னச் சரிவுக்கே சைரன் அடிச்சுச்சே, நீயும்தான கேட்ட?

— இந்தத் தடவை ஊமையாயிருச்சு.

— இரு. இந்தக் குழாயைப் பாரு. நான் ஊசியால குத்தின ஓட்டை ஒண்ணையும் காணோம்.

— காணோம்னா?

— வெள்ளையா ஏதோ பூசி அடைச்சிருக்கு. அந்த ஓட்டைதான் இதுக்குக் காது. அது வழியாத்தான் முழக்கம் உள்ள போகணும். அடைச்சா செவிடு. என் பெட்டி மேல தப்பில்ல, புரியுதா? எவனோ பாவி...

— இது அப்பா பூசுற பேஸ்ட்.

— என்ன சொல்ற?

— குழாய் மூட்டுல பூசிட்டு இப்படித்தான் கட்டைவிரலால இழுத்து விடுவாரு. சின்ன வயசுலேருந்து பாக்குறேன்.

— முகாம்ல அத்தனை பேரும் என்னைக் கொலைகாரனாட்டம் பாக்குறாங்க. நீகூட முகம் குடுத்துப் பேசல. இப்பவாவது நான் வாயைத் திறக்கலாம்ல?

— திறங்க. நான் தடுக்கல. அப்பாவே வர்றாரு.

— பெட்டி கிடைச்சுருச்சா மாப்பிள்ளை?

— கிடைச்சுது மாமா.

— உங்க குழாய் பூரா ஓட்டை. தூறல் போட ஆரம்பிச்சதும் நான்தான் உக்காந்து ஒண்ணு விடாம அடைச்சேன். மாப்பிள்ளை மெனக்கெட்டு செஞ்சது, தண்ணி புகுந்து கெட்டுறக் கூடாதேன்னு. உங்க அத்தைதான் எனக்குக் குடை பிடிச்சா. அந்தத் தைரியத்துலதான் அவளைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போனேன்.

— சரி மாமா.

— அவ்வளவு பண்ணியும் ஏன் கத்தல? அதை மட்டும் சொல்லுங்க.

— பெட்டி மட்டம் மாமா. நான் செஞ்சது சரியில்ல.

— அப்பா, இவரு...

— நீ பேசாம இரு. மாமாட்ட நான் பேசிக்கிறேன்.

— செத்தாலும் உங்களை மன்னிக்க மாட்டேன் மாப்பிள்ளை.

— வேண்டாம் மாமா. மன்னிக்காதீங்க.