இடப்பக்கத்துச் சில்

எனக்குக் கார்கள் அவ்வளவாகப் பிடிக்காது. கல்லூரியில் மோட்டார் பிரிவில் சேர்ந்ததற்கு ஒரே காரணம், அங்கே போகும் பஸ் லொரெய்ன் வீட்டு வாசலிலேயே நிற்கும் என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வக்கீல் அம்மா, போலீஸ்காரர்கள் நீங்கள் எதைக் கேட்டாலும் "பதில் இல்லை" என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். அவர் வேலை அது, தப்பில்லை. ஆனால் முழுதும் கேட்டால் உங்களுக்கே புரியும் என்று நினைக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன்.

லொரெய்ன் பியூ என்னை வளர்த்தவர். பெற்றவர் இல்லை. பதினைந்து வயதில் நகராட்சி என்னை வளர்ப்புப் பிள்ளையாக அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டது. அதற்கு முன்பு பல வீடுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அனுப்பும்போது என் துணிமணியைக் கறுப்புக் குப்பைப் பையில்தான் கட்டிக் கொடுப்பார்கள். லொரெய்ன் அந்தப் பையைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, உன்னைக் குப்பை வண்டிக்காரன் இறக்கி விட்டுட்டுப் போனானா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே சிரித்தார், பிறகு அழுதார். மறுநாள் எனக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கித் தந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. கிளம்புகிறவர்களுக்குத்தானே பெட்டி.

பதினெட்டு வயதானால் போய்விட வேண்டும் என்பது முறை. "உன் படிப்பு முடியற வரைக்கும் இங்கயே இரு ரீஸ். அதுக்கப்புறம் அந்த அறைக்கு இன்னொரு புள்ளை வரும், பாவம், அதுக்கும் ஒரு இடம் வேணுமில்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் கிடையாது.

எங்கள் படிப்பு ஒரு காரோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அறுபதுகளில் செய்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. ப்ராம்ஸ்க்ரோ என்ற ஊரில் ஒரு மதுக்கடைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்ததை எங்கள் ஆசிரியர் பிராசர் இழுத்துவந்திருந்தார். "இது ரோட்ல ஓடணும்டா பசங்களா. ஓடினாத்தான் உங்க சான்றிதழ்ல கையெழுத்து. தள்ளிட்டுப் போனா செல்லாது" என்றார் அவர். எஞ்சின் வேலை என்னோடு படித்த சாஃப்ரன் பெடோஸ் என்ற பெண்ணுக்குப் போனது. எனக்கு இடப்பக்கத்துச் சில்.

சில் என்பது கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகட்டுப் பெட்டி. கூரை இல்லாத காரைத் தாங்குவது அதுதான். அது போனால் கார் நடுவில் மடிந்துவிடும்.

முதல் வருடம் நான் உப்புப் போட்டேன். எங்கள் ஊரில் தெருமுனைதோறும் மஞ்சள் தொட்டியில் உப்பு வைத்திருப்பார்கள், பனி உறைந்தால் சாலையில் தூவ. அதில் கொஞ்சம் அள்ளி, தண்ணீரில் கரைத்து, நானே புதிதாகப் பற்றவைத்த சில்லுக்குள் ஊற்றி வந்தேன். மாதக்கணக்கில் ஊற்றினேன். ஏப்ரலில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பிராசர் அதை விரலால் குத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. "இதென்னடா அநியாயம்? யாரும் பாக்காதப்போ இந்தக் கார் போய்க் கடல்ல குளிச்சிட்டு வருதா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்டி எடுத்து மறுபடி செய்ய வேண்டும் என்றார். படிப்பு ஒரு வருடம் நீண்டது. சாஃப்ரனுக்குப் பந்தயக் கார்ப் பட்டறை ஒன்றில் கிடைத்திருந்த வேலை கைநழுவிப் போனது. எனக்கு வருத்தம்தான். அன்று சாயங்காலம் லொரெய்ன் என்னைத் தேற்றுவதற்காகச் சாஸேஜும் மசித்த உருளைக்கிழங்கும் செய்திருந்தார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது வருடம் பிராசர் சில்லுக்குள் மெழுகு பூசச் சொல்லிவிட்டார். மெழுகின் மேல் உப்புப் பலிக்காது. அதனால் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது. சில்லின் நடுவில் கனமான தகடு ஒன்று வைக்க வேண்டும், முழு பலமும் அதில்தான். நான் அதை வைக்கவில்லை. செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தேன். மேலே பள்ளம் அடைக்கும் பட்டிப் பசையைத் தடிமனாகப் பூசி, கண்ணாடி மாதிரி தேய்த்து, பச்சை அடித்தேன். பிராசர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், சத்தத்திலேயே கண்டுபிடிப்பார், என்னைக் கண்டபடி திட்டிவிட்டு மறுபடி வெட்டச் சொல்வார். இன்னும் ஒரு வருடம். என் எண்ணம் அவ்வளவுதான், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் பிராசர் சுத்தியலை எடுத்து வலப்பக்கம் முழுக்கத் தட்டிவிட்டு, இடப்பக்கம் வந்து நின்று, என் தோளில் கை போட்டார். "இது ரீஸ் பண்ணினது. போன வருசம் பட்ட கஷ்டத்துக்கு இவன் இந்தத் தடவை உசிரையே கொடுத்திருக்கான். இதைத் தட்டிப் பாக்கறது அவனை அவமானப்படுத்தற மாதிரி" என்றார். என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் போய் நான் எப்படி வாயைத் திறப்பது?

சாஃப்ரன்தான் நோண்டிக்கொண்டே இருந்தாள். "டேய், உன் பக்கத்துக் கதவு மேல ஒட்டுது, கீழ இடைவெளி விழுது. பாடி தொங்குதா என்ன?" என்று கேட்டாள். "கீல்தான். நீ உன் எஞ்சினைப் பாரு, அது இருமறது தெருக்கோடி வரைக்கும் கேக்குது" என்றேன். அவள் தேநீர் குடிக்கப் போனபோது கீலைத் தளர்த்தி, இடைவெளி ஒரே சீராகத் தெரியும்படி கதவை வைத்தேன். நாற்பது வருடம் தாண்டிய காருக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

கல்லூரியை ஊர்க்காரர்கள் வந்து பார்க்கும் திறப்பு நாளன்று லொரெய்ன் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி இந்த மாதிரி கார் வச்சிருந்த ஒருத்தனோட சுத்தினேன். அவன் மூஞ்சி மறந்துபோச்சு. கார் மறக்கல" என்றார். பிராசர் கதவைத் திறந்து, "அப்ப ஏறுங்கம்மா, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார்.

"எங்க உக்கார? எம்புள்ளை செஞ்ச பக்கமாப் பாத்து உக்கார வைங்க."

எம்புள்ளை என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. இடப்பக்கம்தான் பயணி இருக்கை, அவருக்கு அதுவே வாய்த்தது. அப்போது நான் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். சொன்னால் இரண்டு வருடமாகச் செய்தது எல்லாம் வெளியே வரும். அப்புறம் எம்புள்ளை என்பாரா? கதவைச் சாத்தினேன். "பெல்ட் போட்டுக்கோங்க லொரெய்ன்" என்றேன். அதை மறக்காமல் சொன்னேன் என்பதற்குச் சாஃப்ரனே சாட்சி. பெல்ட்டின் கீழ் முனையை முடுக்கியிருந்தது அந்தச் சில்லில்தான்.

பிராசர் ஓட்டினார். ரயில் பாலத்து மேட்டில் ஏறி இறங்கும்போது கார் மடிந்து, கதவு திறந்துகொண்டது. பெல்ட், நான் பூசிய பட்டிப் பசையோடு பெயர்ந்து வந்துவிட்டது. லொரெய்ன் சாலையில் விழுந்தார். இடுப்பும் முதுகெலும்பும் முறிந்தன. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் அழுதது பொய் இல்லை. பிராசர் விசாரணையில், "மேற்பார்வை என்னுது, தட்டிப் பாக்காதது என் தப்பு" என்று மட்டும் சொன்னார். சில் யார் கைவேலை என்று கடைசிவரை சொல்லவில்லை. அவர் வேலை போயிற்று. இப்போது வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். போன மாதம் எங்கள் வீட்டுக்கும் வந்தார், பாவம், ரொம்ப இளைத்துவிட்டார்.

லொரெய்னைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அடுத்த பிள்ளை வருவது நின்றுபோனது. குளிப்பாட்டுவது, சமைப்பது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நான்தான். நகராட்சியிலிருந்து விசாரிக்க வரும் அம்மா என்னைப் பார்த்துக் கண்கலங்கினார். "நீ இல்லேன்னா என் கதி என்ன கண்ணு" என்று லொரெய்ன் தினமும் சொல்வார். அந்தக் குளிர்காலம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

பிறகு உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற பெண், வசந்தத்துக்குள் இவர் தானாக நடப்பார் என்றாள். லொரெய்னுக்கு முகம் மலர்ந்தது. "நான் எழுந்து நடந்துட்டா நீயும் உன் வாழ்க்கையைப் பாக்கப் போகலாம்டா" என்றார். அன்று ராத்திரி என் கருவிப் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்தேன்.

மேசைமேல் நீங்கள் பையில் போட்டு வைத்திருக்கும் வாக்கர், அவர் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்தச் சட்டம், அவருடையதுதான். ஒவ்வொரு காலிலும் உயரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு பொத்தான் இருக்கும். ஒரு காலில் அதை அரத்தால் தேய்த்தது நான். அவர் முழு பாரத்தையும் போடும்போது மட்டும் கால் உள்ளே போகும். சமையலறையில் ஒரு முறை விழுந்தார், குளியலறையில் ஒரு முறை. பயிற்சிக்கு முன்னால் தூக்க மாத்திரையும் கொடுத்து வந்தேன், அரை மாத்திரைதான். சாஃப்ரன் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தவள், வாக்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். அரத்தின் தடம் அவளுக்குத் தெரியாதா? வெளியே போய் உங்களைக் கூப்பிட்டுவிட்டாள்.

எல்லாம் செய்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் இப்போது சாஃப்ரன் அந்த வீட்டில் தங்கி லொரெய்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னீர்களே, அதுதான் மனதை உறுத்துகிறது. நான் திரும்பிப் போகும்வரை வேறு யாரையாவது போடுங்கள். லொரெய்னை நடக்க வைக்கும் வேலையில் சாஃப்ரன் கை வைத்தால் அதை முடிக்காமல் விடமாட்டாள்.