மூன்றாவது உறை

தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி ஐயா. சுமாராக இருக்கிறது. உங்கள் மாடித் தொட்டியைக் கழுவிப் பல நாளாகியிருக்கும் என்று நினைக்கிறேன். தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீடுகளில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் மாட்டுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷத்தில், மாட்டிய வீட்டுக்கு அதே வேலைக்காக இரண்டாம் முறை போனதில்லை. கம்பெனியில் எனக்கு ‘ஒரேதடவை’ என்றே பெயர். முதலாளி புதிதாகச் சேருகிறவர்களிடம், “இவரைப் பாத்துக் கத்துக்குங்க” என்பார். ஒரு நல்ல பேரைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அது இல்லாதவர்களுக்குப் புரியாது.

நான் சொல்ல வந்த வீட்டு சாருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கிருமி பட்டால் உடம்பு தாங்காது, சுத்தமான தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் இயந்திரம். அவர் மனைவி சமையலறை மேடையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தார். அந்த அம்மாவின் தம்பி, நான் சுவரில் துளை போடுவதிலிருந்து எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்தார். எல்லாம் தெரிந்தவர். திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

இயந்திரத்துக்குள் மூன்று வடிகட்டிகள். முதலாவது மண்ணைப் பிடிக்கும், இரண்டாவது வாடையைப் பிடிக்கும், கிருமியைத் தடுப்பது மூன்றாவதுதான். ஒவ்வொன்றும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் வரும். சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிரித்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். நான் அப்போது என் பட்டப்பெயர் வந்த கதையைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். நீல விளக்கு அழகாக எரிந்தது. பத்து நிமிஷமாகியும் ஒரு சொட்டு வரவில்லை.

“என்ன ஒரேதடவை, இன்னொரு தடவை வரணும் போலிருக்கே?” என்றார் தம்பி, செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு.

“நீ சும்மா இருடா, அவர் வேலையைப் பாக்கட்டும்,” என்றார் அந்த அம்மா.

எனக்கு மானம் போயிற்று. ஒரு சிறு குழாயை எடுத்து, தண்ணீர் மூன்றாவது வடிகட்டிக்குப் போகாமல் நேராக இயந்திரத்தின் தொட்டிக்குள் விழும்படி இணைத்து மூடிவிட்டேன். கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் குடிக்காமல் கீழே விட வேண்டும் என்பது முறை. விடச் சொன்னேன். முறையில் நான் குறை வைப்பதில்லை. பிறகு சார் ஒரு டம்ளர் குடித்துவிட்டு என்னிடம், “தேனா இருக்கு தம்பி,” என்றார்.

பிரித்த உறைகளை அடுத்தவர் வீட்டில் போட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சாயங்காலம் பையைக் கொட்டிப் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன. விஷயம் விளங்கிவிட்டது. போய்ப் பிரித்துவிட்டு வர அரைமணி நேரம் போதும். ஆனால் என்னவென்று சொல்லிக்கொண்டு போவது? மூன்றாம் மாதம் சர்வீஸுக்குப் போனபோதும் யோசித்தேன். சரிசெய்தால் தண்ணீர் நூல்போலத்தான் வரும். கொட்டிப் பழகியவர்கள் ஏன் என்று கேட்பார்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, தேதி ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டு வந்தேன்.

அதற்குள் சாருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம். நிறையக் குடித்தார்.

“தண்ணில ஏதாவது இருக்குமா தம்பி?” என்று அந்த அம்மா போனில் கேட்டார். நான் கோபப்படவில்லை.

“தண்ணிய சந்தேகப்படாதீங்கம்மா. சமைக்கிறவங்க கை சுத்தமானு பாருங்க,” என்றேன்.

ஒன்பது வருஷம் சமைத்துப் போட்ட பெண்ணை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நோயாளி இருக்கும் வீட்டில் சுத்தத்தில் கண்டிப்பு வேண்டும் அல்லவா.

ஐந்தாம் மாதம் சார் இறந்துவிட்டார். கடைசிவரை வேறு தண்ணீரை வாயில் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டிலிருந்துதான் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நானே தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

இப்போது தம்பி புகார் கொடுத்து, அந்தச் சமையல்காரப் பெண்ணை நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அது தெரிந்துதான் நானாக வந்தேன். பாவம் ஐயா, அவளை விட்டுவிடுங்கள். சாரைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். போன மாதம் அந்த அம்மா இயந்திரத்தை மகள் வீட்டுக்கு மாற்றச் சொன்னார். அப்படியே கழற்றி, திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே மாட்டிவிட்டு வந்தேன். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து இப்போதுதான் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். “நீங்க மாட்டினா எங்களுக்கு பயமே இல்லண்ணா,” என்றாள் மகள். அங்கே போய் மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள் ஐயா. என்னை அவ்வளவு நம்புகிறவர்கள், மனசு தாங்க மாட்டார்கள்.