ஞாயிற்றுக்கிழமைக் குழியில் ஒரு ஜோடித் தோடு

உக்காருங்க சார். இப்ப போய் கோட்டுகிட்ட நின்னு கையைத் தட்டினாலும் அவ திரும்ப மாட்டா. பந்து அவ கால்ல இருக்கு பாருங்க. அந்த ஒல்லிக்குச்சி, பதினொண்ணாம் நம்பர், அதானே உங்க பொண்ணு? நீங்க தோளைச் சாய்ச்சுக்கிட்டுப் படியேறினப்பவே தெரிஞ்சுபோச்சு. அச்சு அசல் அந்த நடை.

வீட்டுல யாரு காத்திருக்கா? ஓ, சம்பந்தம் பேச வந்திருக்காங்களா. சரி. வந்த கால்லயே திரும்பிடவா போறாங்க? இன்னும் பாதி ஆட்டம்தான் சார்.

அடியே, கோல்ல நிக்கறவளே, முடியை அப்புறம் கோதிக்கலாம், பந்து வருது பாரு!

நானா? நான் இவங்களுக்கு டீச்சரும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோடு காவல். காதுல ஒரு பொட்டு மின்னினாக்கூட ரெஃப்ரி உள்ள விடமாட்டாரு. அதனால கழட்டி எங்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க. இந்தாங்க, மாத்திரை டப்பா. வீட்டுக்காரரோடது. அவரு போனப்புறம் சும்மாதானே கெடந்துது. கிழமைக்கு ஒரு குழி, காலைக்கு ஒரு வரிசை, ராத்திரிக்கு ஒரு வரிசை. உங்க பொண்ணு புதன்கிழமை ராத்திரி.

என்ன சொன்னீங்க? பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதுல பெரிசா ஆசை கிடையாது, தானா விட்டுடும்ங்கறீங்களா? இருக்கலாம் சார். அந்தப் பக்க மைதானத்தப் பாருங்க. தொப்பை முன்னாடி ஓடுது, ஆளு பின்னாடி ஓடறான். அவனை யாரும் வந்து கூப்பிடறதில்ல. இங்கன்னா ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்கு வீட்டுல கைக்குழந்தை, ஒருத்திக்கு வெயில்ல நிறம் மங்குதாம். ஒவ்வொரு குழியா காலியாகும். அப்புறம் எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்கே இஷ்டம் இல்லன்னு.

எம் பொண்ணும் இங்கதான் ஆடினா. இடதுகால்காரி. அவ உதைச்சா பந்து எந்தப் பக்கம் போகும்னு பெத்த எனக்கே தெரியாது. ஒரு நாள் பாதி ஆட்டத்துல அவ அப்பா வந்தாரு. இப்ப நீங்க வந்து நின்ன மாதிரியே நின்னாரு. வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்கன்னாரு. முழங்கால் மண்ணைக்கூடத் தட்டல, வண்டியில ஏறிப் போயிட்டா. தோடு எங்கிட்டயே தங்கிடுச்சு. அன்னிக்கு ராத்திரி நீட்டினேன். வெச்சிரும்மா, பாதி ஆட்டம் பாக்கி இருக்கில்ல, முடிச்சுட்டு வாங்கிக்கறேன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

சே சே, நல்லாத்தான் இருக்கா. மாப்பிள்ளை தங்கமானவரு. அவருக்கு டிவியில மேட்ச்னா சோறு தண்ணி வேணாம். கோல்னு கத்துவாரு பாருங்க, எதிர்வீட்டு ஜன்னல் தொறக்கும். இவ அந்தப் பக்கம் திரும்பி வெங்காயம் நறுக்கிக்கிட்டிருப்பா. கத்தி ஒரு நொடி நிக்காது. ஏண்டி, பாக்கலயான்னு கேட்டா, எனக்கு அதுல எல்லாம் இஷ்டம் இல்லம்மாங்கறா. இஷ்டம் இல்லயாம்.

எழுந்துட்டீங்களா. உங்க பிள்ளை, உங்க இஷ்டம், கூப்பிடுங்க. தோட்டை மட்டும் நீங்க வாங்கிக்காதீங்க சார். அவளே வந்து எங்கிட்ட கேக்கட்டும். அதான் இங்க வழக்கம்.

ஐயோ, நீங்க தொடறது அவளோடது இல்ல சார், அது ஞாயித்துக்கிழமைக் குழி. ஆமா, அதுதான், எம் பொண்ணோடது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எடுத்துட்டு வந்துடுவேன். போன மாசம் அவ வீட்டுக்கும் கொண்டுபோனேன். டப்பாவைத் தொறந்து முன்னாடி வெச்சேன். ஈரக்கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு, ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வெச்சு, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா. அழகா இருக்கேம்மா, யாரோடதுன்னு கேட்டா.

ஆடற பிள்ளைங்களோடதுன்னு சொல்லி மூடிட்டேன்.