ஐந்தாவது குளத்துக்கு வழி

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் விடுதி உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, முதுகுவலியையும் மறைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கியிருக்கும் தாய்மார்களே, வாடகைக் கார் ஓட்டும் தம்பிமார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

"சத்தமா பேசுங்க பெரியவரே!" என்கிறார் கடைசி வரிசை அன்பர். நில அளவை அலுவலகத்தில் நாற்பது ஆண்டு வரைபடம் வரைந்தவன் ஐயா நான். அங்கே சத்தம் போட்டால் கோடு கோணிவிடும். முயல்கிறேன்.

'கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் நான்கு பறவைப் பூங்காக்கள்.' இந்தக் கையேட்டை எழுதியதற்காகக் கேடயம் தந்தீர்கள். எந்த வளைவில் திரும்புவது, எந்தப் பாலத்தில் நிறுத்துவது, எந்தப் புதரில் கூடு என்று அடி பிசகாமல் எழுதினேன். அதோடு விட்டேனா? மூன்று மாதம் விடியலில் காத்திருந்து, நாணல் குருவியின் குரலையும் பதிவு செய்து கொடுத்தேன். கேட்பவர்கள் குருவியை அடையாளம் காணட்டும் என்று கொடுத்தேன்.

நடந்தது என்ன? சென்ற கோடையில் நான்காம் பூங்காவில் ஓட்டுநர் ஒருவர் அந்தக் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டார். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதென்று, முட்டைகளை விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தது குருவி. எதிரி எங்கே? இல்லை. திரும்பியது. மறுபடி குரல். மறுபடி வந்தது.

"விட்டுடேம்ப்பா" என்றேன், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

"என்ன சார் பண்றது? கெஸ்ட் ஒரு மணிக்கு சாப்பாட்டுக்குத் திரும்பணும். குருவி என்ன டைம் பார்த்தா வரும்? ஆனா ரெக்கார்டிங் பிரமாதம் சார், எந்த மகராசன் பண்ணானோ!"

நான்தான் என்று சொன்னேனா? சொல்லவில்லை. குருவி பதினோரு முறை வந்தது. குறித்துக்கொண்டேன், குறிப்பதைத் தவிர வேறென்ன செய்தேன்? அடுத்த வாரம் போனேன். கூடு இருந்தது, குருவி இல்லை. மூன்று முட்டை இருந்தன. மூன்றிலும் எறும்பு. இன்று நான்கு பூங்காவிலும் நாணல் இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, நிற்க நிழல் இருக்கிறது. பாட்டு மட்டும் கைபேசியில் இருக்கிறது!

சற்றுமுன் தலைவர் அறிவித்தார், இந்த நான்கு பூங்காக் குளங்களுக்கு அடுத்து, யாரும் அறியாத ஐந்தாவது குளத்துக்கு நான் இம்மேடையில் வழி சொல்வேன் என்று. அவருடைய விடுதியில்தான் என் மருமகன் வேலை பார்க்கிறார். காலையில் சொன்னார்: "மாமா, ரெண்டு நிமிஷ விஷயம். சொல்லிடுங்க. எனக்கு மேனேஜர் போஸ்ட் இதுலதான் நிக்குது."

குளம் இருக்கிறது, அங்கே குருவியும் இருக்கிறது. கைதட்டாதீர்கள். வழியும் தெரியும். இத்தனை ஆண்டு யாருக்காக எழுதினேன்? பறவைக்காகவா? பார்ப்பவருக்காகவா? என் கோடு பிசகாது என்ற பெருமைக்காகவா?

சொல்ல மாட்டேன்.

தலைவர் அவர்களே, சட்டையை இழுக்காதீர்கள், முடித்துவிடுகிறேன். மாப்பிள்ளை, மன்னிச்சுக்குங்க. வீட்டுல நானே சொல்லிக்கிறேன்.

கேடயத்தைத் திருப்பித் தரும் துணிவு எனக்கில்லை. வரைபடம் கேட்டு யாரும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நான் பயந்தவன், நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு முறை கேட்டால் சொல்லிவிடுவேன். அதனால்தான் இத்தனை பேர் முன்னால் கைகூப்பிக் கேட்கிறேன்: என்னிடம் கேட்காதீர்கள்.

பொறுத்த செவிகளுக்கு நன்றி. இறங்குகிறேன், வணக்கம்.