கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

அவைத்தலைவர் திரு. கோபாலசாமி அவர்களே, துணைவியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சலிங்கம் அண்ணன் அவர்களே, தாயை இழந்திருக்கும் விதுஷா, பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, பார்சிப்பனியிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்து மான்மவுத் ஜங்ஷனின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி நிலவட்டும். வணக்கம்.

முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. நமக்கு இது பழக்கம். நாம் நினைவுகூர வந்திருக்கும் ராணிக்கு இல்லை. அவர் உயிரோடு இருந்து, இது வேறு யாருக்கோ நடக்கும் கூட்டமாக இருந்திருந்தால், சொன்ன நேரத்தில் கதவைச் சாத்தியிருப்பார். உங்களில் பாதிப் பேர் வெளியே நின்றிருப்பீர்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் டாக்டர் ராஜராணி பஞ்சலிங்கம் அவர்களை அன்னை என்றார்கள், விளக்கு என்றார்கள், ஆலமரம் என்றும் ஒருவர் சொன்னார். அவர் இளங்கலை மாணவர்களின் கல்வி டீன். அந்தப் பதவியைப் பெற அவர் பட்ட பாடு பெரியது. அதை மரமாக்கிக் குறைக்க எனக்கு மனமில்லை.

நான் ஹபீஸா ஷம்சுதீன். திருச்சியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். மேடையில் ஏறினால் உண்மையைப் பேசு, இல்லாவிட்டால் ஏறாதே என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகவே சொல்கிறேன்: நான் ராணியின் தோழி. அதைவிட அதிக காலம் நான் ராணி மீது பொறாமைப்பட்டவள். இன்றும், அவருடைய படத்துக்கு மாலை போட்ட இந்த நேரத்திலும், பொறாமைப்படுகிறேன்.

எதற்கு என்று கேட்கிறீர்களா? அவருடைய பதவிக்கா? கொஞ்சம் உண்டு. நானும் ஆங்கில இலக்கியம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவள்தான். என் ஆங்கிலத்தில் ஒரு பிழை காட்ட முடியாது. ராணியின் ஆங்கிலத்திலோ கடைசி வரை யாழ்ப்பாணம் கேட்டது. ஆனால் அவர் பேசினால் அறை முழுவதும் திரும்பிப் பார்க்கும். நான் பேசினால், "யுவர் இங்லிஷ் இஸ் ஸோ குட், ஆன்ட்டி" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எரிச்சலடைந்தவள் நான்.

அந்தப் பொறாமை சின்னது. பெரியதற்கு வருகிறேன். அதற்கு முன், டீன் என்றால் என்ன என்று நாம் புரிந்துகொள்ளவே எவ்வளவு காலம் ஆயிற்று! நம் ஊரில் டீன் என்றால் பெரிய அரசு மருத்துவமனையின் தலைவர். ராணி பதவி ஏற்ற வருடம் பார்சிப்பனியில் ஒரு பிறந்தநாள் விருந்து. ஒரு பெரியவர் தட்டோடு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, எனக்கு மூணு மாசமா முட்டி வலி."

"ஐயா, நான் அந்த டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில டீன்."

"அப்ப ரொம்பச் சௌகரியம்! பேரனுக்கு ஒரு மெடிக்கல் சீட் அரேஞ்ச் பண்ணிக் குடுத்துடுங்க. முட்டிக்கு அவனே பாத்துக்குவான்."

ராணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பாயசம் சேலையில் கொட்டியது. நல்ல மைசூர்ப் பட்டு. அன்று எனக்கு அந்தச் சேலை மீதும் பொறாமைதான்!

ராணி பாடம் நடத்தவில்லை. பாடத்தில் விழுந்தவர்களை எழுப்பினார். ஒரு பாடத்தைப் பாதியில் விட வேண்டுமா, படிக்கும் துறையை மாற்ற வேண்டுமா, ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டுமா, தோற்ற மாணவரை வெளியே அனுப்புவதா, இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதா? எல்லாம் அவர் மேசைக்குத்தான் வந்தன. அப்படி அவரிடம் போன மாணவி மானஸா இங்கே வந்திருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல அனுமதி வாங்கிவிட்டேன். இறுதித் தேர்வுகளின் நடுவே ஊரில் அவருடைய தந்தை இறந்த செய்தி வந்தது. ராணி ஒவ்வொரு பேராசிரியரையும் தானே அழைத்துப் பேசித் தேர்வுகளைத் தள்ளிவைக்கச் செய்தார். பிறகு அந்தப் பெண்ணைத் தன் காரிலேயே நியூவர்க் விமான நிலையத்துக்கு அழைத்துப்போய், சோதனை வரிசை வரைக்கும் கூடவே நின்றார். அன்று ராணிக்குத் திருமண நாள். பஞ்சலிங்கம் அண்ணன் ஓர் உணவகத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டார். அண்ணன், தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கும் பொறாமை இருந்ததுதானே?

இப்போது அந்தப் பெரிய பொறாமைக்கு வருகிறேன். அது ஒரு நாற்காலியில் தொடங்கியது.

நம் பள்ளிக்கூடங்களில் என்ன வழக்கம்? தலைமை ஆசிரியர் அழைத்தால் பெற்றோர் உள்ளே போய் உட்காருவார்கள். பிள்ளை வெளியே நிற்கும். பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் பேசி முடிவு செய்வார்கள். ராணியின் அலுவலகத்தில் பிள்ளை உள்ளே உட்காரும். பெற்றோர் வெளியே! கதவுக்குப் பக்கத்தில், நடைபாதையில், நீல மெத்தை போட்ட ஒரே ஒரு நாற்காலி. நம்மவர்கள் டெக்சாஸிலிருந்து விமானம் ஏறி வந்து அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள். "நான்தாங்க ஃபாதர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் மதிப்பெண்ணை, அந்தப் பிள்ளை சம்மதிக்காமல், பெற்றவர்களிடமும் சொல்ல முடியாது என்பது இங்குள்ள சட்டம். ராணி சட்டத்துக்கும் ஒரு படி மேலே போனார். மதிப்பெண் மட்டுமா? அந்த அறையில் ஒரு பிள்ளை சொன்ன எதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கணவர் இறந்தபோது என் மகன் ஷாரிக் அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அவன் மருத்துவராக வேண்டும் என்பது அவனுடைய அத்தாவின் ஆசை. என் ஆசையும்தான். அடக்கத்தன்று ஜனாஸாத் தொழுகையில் ஷாரிக் அழவில்லை. நாற்பதாம் நாளும் அழவில்லை. வார இறுதியில் அழுக்குத் துணி மூட்டையோடு வருவான். எப்படிடா இருக்கே என்றால், "ஃபைன்மா" என்பான். சாப்பிட்டியா என்றால், "ஃபைன்மா." நான் காத்திருந்தேன். ஒருநாள் உடைந்து அழுவான், என் மடியில் அழுவான், நானும் அவனோடு சேர்ந்து அழலாம் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் மளிகைக் கடையில் இஸ்ரத் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "ஹபீஸா, உங்க ஷாரிக்க அடிக்கடி டீன் ஆபீஸ் வாசல்லயே பாக்குறதா அங்க படிக்கிற என் மக சொல்றா. கிளாஸுக்கே போறதில்லையாமே?"

மறுநாள் பிரியாணி செய்தேன். நம்மவர்களுக்கு எந்த அதிகாரியையும் வெறுங்கையோடு பார்க்கத் தெரியாது. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரு குரல் கேட்டது. சொற்கள் புரியவில்லை. அழுகை புரிந்தது. என் மகனின் அழுகை. குழந்தையில் அழுததுபோலவே, மூச்சுப் பிடித்துப் பிடித்து.

நான் மாதக்கணக்காகக் காத்திருந்த கண்ணீர் வேறொருத்தியின் மேசையில் விழுந்துகொண்டிருந்தது! எனக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவு. பொறாமை என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் பட்டதெல்லாம் விளையாட்டு.

பிறகு ராணி மட்டும் வெளியே வந்து, கதவைத் தன் பின்னால் சாத்தினார்.

"ஹபீஸா, எப்ப வந்தனீங்கள்? இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

"டீ வேணாம். என்ன சொன்னான்?"

"சொல்லேலாது."

"ராணி, நான் அவனோட அம்மா."

"அதாலதான் சொல்லேலாது. அம்மாவுக்குச் சொல்லுறது அவன்ர வேலை. அதை நான் பறிக்கேலாது."

"அப்போ பிரியாணியைத் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்."

"அதை மட்டும் வச்சிட்டுப் போங்கோ. பிள்ளை சாப்பிடேல்லை."

அவன் சாப்பிடவில்லை என்பதுகூட அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தேன். அன்று நான் போனது தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஒரு தாய் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஒரு வருடம் ராணியோடு நான் பேசவில்லை. ஈது பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு மட்டும் என் வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் ஷாரிக் காரை ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். ரூட் ஒன்று நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்கு. முன்னால் பார்த்தபடியே சொன்னான்: "அம்மா, நான் டாக்டர் ஆகப் போறதில்ல. ஹிஸ்டரி டீச் பண்ணப் போறேன். அத்தாவுக்குப் பிடிச்சிருக்காது, ஐ நோ. உங்ககிட்ட நானே சொல்லணும்னு பிராக்டிஸ் பண்ணிட்டு இருந்தேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பச்சை விழுந்துடுச்சு. ஓட்டு" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஈதுக்கு அனுப்பாததை எல்லாம் சேர்த்துச் செய்து ராணிக்கு அனுப்பினேன்.

ஷாரிக் இன்று டெக்சாஸின் இர்விங்கில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறான். அவனைப் பற்றிப் பேசலாமா என்று காலையில் கேட்டேன். "ஃபைன்மா" என்றான். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இதே பதில்தான் வரும். வேலை கிடைத்ததை அவன் முதலில் ராணிக்குச் சொன்னான். திருமணம் முடிவானதையும் முதலில் ராணிக்கு. ராணி இறந்த செய்தியை மட்டும் முதலில் எனக்குச் சொன்னான். ஏனென்றால் முதலில் சொல்ல அவர் இல்லை.

விதுஷா இதைக் கேட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். அவளும் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "ஆன்ட்டி, எங்க அம்மாவைப் பாக்கணும்னா நானும் ஏதாவது சப்ஜெக்ட்ல ஃபெயில் ஆகணும்." விதுஷா, இந்த மண்டபத்தில் உன்னோடு சேர்ந்து பொறாமைப்பட ஆள் நிறைய இருக்கிறோம்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. துறையை மாற்றுவதற்காக யாரும் அப்படி அழுவதில்லை. அந்த அறையில் என் மகன் தன் தந்தையைப் பற்றி என்ன சொன்னான்? என்னைப் பற்றி என்ன சொன்னான்? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவரை இழந்துவிட்டோம். போன மாதம் மருத்துவமனையில் ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ராணி, இப்பவாவது சொல்லிடுங்க."

"அவனிட்டைக் கேட்டனீங்களோ?"

"அவன் சொல்ல மாட்டான்."

"அப்ப நான் மட்டும் சொல்லுவனோ?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. இருமல் அடங்கியதும் அவர் வேறொன்றைக் கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைக் காலைகளில் நம் நூலகத்தின் சின்ன அறையில் அவர் உட்கார்ந்து, எந்தக் கல்லூரிப் பிள்ளை வந்தாலும் பேசினார் என்பது உங்களுக்குத் தெரியும். "அதில இனி நீங்கள் இருங்கோ, ஹபீஸா."

"நானா? எனக்கு என்ன தெரியும்? வேற ஆளே இல்லையா?"

"உங்கள் அளவுக்கு அந்தக் கதவைப் பாத்துக்கொண்டு இருந்த ஆள் வேற ஆர்?"

நண்பர்களே, அந்தச் சனிக்கிழமைகள் நின்றுவிடுமா என்று தலைவர் தம் உரையில் கேட்டார். இதோ பதில். போன சனிக்கிழமை நான் போய் உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டேன். ஒரு பிள்ளை வந்தது. ஆணா பெண்ணா, எந்த வீடு என்று தேடாதீர்கள். நெடுநேரம் பேசியது. நான் அறிவுரை சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அந்த நாற்காலியிலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

"ஆன்ட்டி, என்ன சொன்னுச்சு?"

"சொல்ல முடியாதும்மா."

அந்தத் தாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கும் அடையாளம் கண்டுகொள்வேன். அது என்னுடைய பார்வை. இத்தனை வருடமும் நான் ராணியைப் பார்த்த பார்வை. ராணி அதை எத்தனை தாய்மாரிடமிருந்து வாங்கியிருப்பார்! வாங்கிக்கொண்டு, நம் வீட்டு விருந்துகளுக்கும் வந்து, நம்மோடு சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

ராணி, உங்கள் படத்தின் முன் நின்று உறுதி சொல்கிறேன். என் உடம்பில் தெம்பு இருக்கும் வரை சனிக்கிழமை அந்த அறை திறந்திருக்கும். கதவு சாத்தியிருக்கும். தாய்மார்களே, தந்தைமார்களே, வாருங்கள், வந்து வெளியே உட்காருங்கள். தேநீர் தருவேன். வேறு எதுவும் கிடைக்காது. என்னை அப்படியே பாருங்கள், தாராளமாகப் பொறாமைப்படுங்கள். பிரியாணி கொண்டுவந்தால் வைத்துவிட்டுப் போங்கள்.

ஷாரிக், உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று வீட்டுக்கு நீதான் காரை ஓட்டுகிறாய். நான் எதுவும் கேட்க மாட்டேன். ரூட் ஒன்றில் சிவப்பு விளக்குகள் நிறைய இருக்கின்றன. பச்சை விழுந்தாலும் நான் அவசரப்படுத்த மாட்டேன்.